இறகு போர்த்திய டி-ரெக்ஸ் (சஃபாரி, 2017): அறிவிப்புப் படம் பார்த்தவர்கள் வாருங்கள்

ஆலமரத்தடி (மதுரை) – 10 டிசம்பர் 2016

அமெரிக்காவின் சஃபாரி பொம்மை நிறுவனம் அடுத்த ஆண்டு வெளியிடப்போகும் டைனோசர் உருவங்களின் படங்கள் வந்துவிட்டன. பட்டியலில் பல இருக்கின்றன. அவற்றுக்கு வேறு விவாத இழை திறந்துகொள்ளலாம். இங்கே ஒன்றை மட்டும் பேசுவோம்: உடலெங்கும் இறகு போர்த்திய டைரனோசாரஸ் ரெக்ஸ். வடித்தவர் டக் வாட்சன்.

நேற்றிரவு படத்தைத் திறந்தவன் ஒரு மணி நேரம் மூடவில்லை. எந்தப் புதிய உருவத்தை அறிவித்தாலும் நான் முதலில் பார்ப்பது மணிக்கட்டை. உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கினால், செய்தவர் எலும்புக்கூட்டைக் கவனிக்கவில்லை என்று பொருள். இந்த விலங்குகளால் கையை அப்படித் திருப்ப முடியாது. கைதட்டப் போகிறவர்போல இரு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். இதில் சரியாக இருக்கிறது. அடுத்து பாதம். இரண்டு காலில் விழாமல் நிற்கவேண்டும் என்பதற்காகப் பாதத்தை முறம்போல விரித்துவிடுவார்கள். இதிலும் ஓரளவு பெரிதுதான், ஆனால் கண்ணை உறுத்தவில்லை. மூன்றாவது மார்புக்கூடு. டி-ரெக்ஸ் பீப்பாய் போன்ற உடல்கொண்ட விலங்கு. பல ஆண்டுகளாக அதை வேட்டைநாய்போல ஒடுங்கிய வயிற்றோடு விற்றுக்கொண்டிருந்தார்கள். இது கனத்து நிற்கிறது.

இறகுக்கு வருகிறேன். 2012-இல் சீனாவின் லியாவோனிங் பகுதியிலிருந்து யூடைரனஸ் என்ற டைனோசரின் புதைபடிவம் அறிவிக்கப்பட்டது. ஒன்பது மீட்டர் நீளம், ஏறக்குறைய 1.4 டன் எடை, உடலில் 20 சென்டிமீட்டர் வரை நீண்ட இறகுகள். டி-ரெக்ஸின் உறவுக்காரன். அன்றிலிருந்து இப்படி ஒரு உருவத்தை யாராவது துணிந்து செய்யமாட்டார்களா என்று காத்திருந்தேன். செய்துவிட்டார்கள். நான் வாங்கப்போகிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

செதில் (கோயம்புத்தூர்) – 10 டிசம்பர் 2016

நான் வாங்கப்போவதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டி-ரெக்ஸின் ஒரே ஒரு இறகைக் காட்டுங்கள். இதுவரை கிடைக்கவில்லை. யூடைரனஸுக்கு இருந்தது, சரி. யூடைரனஸ் வாழ்ந்தது ஏறக்குறைய 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன். டி-ரெக்ஸ் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. நடுவில் கிட்டத்தட்ட ஆறு கோடி ஆண்டுகள். யூடைரனஸ் வாழ்ந்த இடத்தின் சராசரி வெப்பநிலை 10 டிகிரி அளவில் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். குளிர்நாட்டு விலங்கின் உடையை ஐந்தாறு மடங்கு எடையுள்ள வேறொரு விலங்குக்கு ஏன் மாட்டவேண்டும்? யானையின் உறவான மாமத்துக்கு ரோமம் இருந்தது என்பதற்காக முதுமலை யானைக்குக் கம்பளி போர்த்துவோமா?

வடிப்பில் குறை சொல்லவில்லை. டக் வாட்சனின் கை நல்ல கை. சான்று இல்லாததைச் சான்று இருப்பதுபோல அலமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நெல்லி (டொராண்டோ) – 11 டிசம்பர் 2016

என் மகளுக்கு ஏழு வயது. படத்தைக் காட்டினேன். "அம்மா, இது தூங்கும்போது தலையை எங்கே வைத்துக்கொள்ளும்?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் இருபது டி-ரெக்ஸாவது இருக்கும். ஒன்றைப் பார்த்தும் அவள் இப்படிக் கேட்டதில்லை. மற்றவையெல்லாம் எப்போதும் கர்ஜித்துக்கொண்டே இருப்பவை. இதைத் தூங்குகிற, குளிர்கிற, உடம்பைக் கோதிக்கொள்கிற ஒரு பிராணியாக அவள் நினைத்துவிட்டாள். எனக்கு அதுவே போதும்.

இன்னொன்று. இந்த வாரம் வந்த அம்பர் (இறுகிக் கல்லான மரப்பிசின்) செய்தியைப் படித்தீர்களா? மியான்மரின் மிட்சினா சந்தையில் ஆராய்ச்சியாளர் சிங் லிடா கண்டெடுத்த கல். விற்றவர்கள் உள்ளே இருப்பது ஏதோ செடி என்று நினைத்திருக்கிறார்கள். பார்த்தால் டைனோசரின் வால்! 9.9 கோடி ஆண்டு பழையது, சிட்டுக்குருவி அளவுள்ள விலங்கு, மேலே பழுப்பும் கீழே வெளிறிய நிறமுமாக இறகுகள் அப்படியே. ஆய்வில் எங்கள் கனடாவின் ராயல் சஸ்காட்செவன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரையன் மெக்கெல்லரும் இருக்கிறார். அது டி-ரெக்ஸ் இல்லை என்பது எனக்கும் தெரியும், செதில் அவர்களே. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்த கையோடு இந்த உருவத்தைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆலமரத்தடி – 11 டிசம்பர் 2016

செதில், உங்கள் யானை வாதம் வலுவானது. நான் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் தீக்கோழியை எண்ணிப் பாருங்கள். ஆப்பிரிக்க வெயிலில் நூறு கிலோவுக்கு மேல் எடையோடு ஓடுகிறது, முதுகில் அடர்ந்த இறகு, தொடை மட்டும் வெற்றுத் தோல். இறகு குளிருக்கு மட்டுமல்ல, வெயிலை மறைக்கவும் உதவுகிறது. ரோமமும் இறகும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அதனால் யானைக் கணக்கை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது.

சான்று கேட்கிறீர்கள். டி-ரெக்ஸ் உடலெங்கும் செதிலாக இருந்தது என்பதற்கு மட்டும் முழுச் சான்று இருக்கிறதா? இரண்டு பக்கமும் ஊகம்தான். ஒரு பக்க ஊகத்துக்குப் பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான பொம்மைகள் வந்துவிட்டன. மறுபக்கத்துக்கு ஒன்றாவது நன்றாக வரட்டுமே.

களிமண் (புதுச்சேரி) – 13 டிசம்பர் 2016

வில்லியனூர்ப் பக்கம் சுடுமண் சிற்ப வேலை செய்பவன். அறிவியல் சண்டையை உங்களிடம் விட்டுவிட்டுக் கைவேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இறகை வடிப்பது மிகக் கடினம். செதிலில் ஒரு புள்ளி தவறினால் யாருக்கும் தெரியாது. இறகு ஒரு திசையில் படிந்து இறங்கவேண்டும். கழுத்தில் ஒரு ஓட்டம், விலாவில் வேறு ஓட்டம், தொடை அசையும் இடத்தில் அது பிரிந்து விலகவேண்டும். ஓட்டத்தைத் தவறவிட்டால் நனைந்த நாய்போல ஆகிவிடும். படத்தில் தோள்பட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கீற்றுகள் தசையின் மேட்டைச் சுற்றிக்கொண்டு போகின்றன. உள்ளே உடலை முழுதாக நினைத்துக்கொண்டு அதன்மேல் போர்த்தியிருக்கிறார். இறகைக் கொண்டு உடலை மறைக்கவில்லை. நான் மெச்சுவது அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. அறிவிப்பின்போது காட்டும் படம் பெரும்பாலும் கையால் வண்ணம் தீட்டிய முன்மாதிரி. கடைக்கு வருவதை எஃகு அச்சில் வார்க்கிறார்கள். ஆழமாகக் குடைந்த இடம் இருந்தால் வார்ப்பு அச்சிலிருந்து கழலாது. ஆகவே இறகின் நுனி உடலைவிட்டுத் தூக்கி நிற்க முடியாது, கீறலாகத்தான் வரும். வண்ணத்தை மறைப்புத் தகடு வைத்துத் தெளிப்பார்கள், கண்ணை மட்டும் தூரிகையால் தொடுவார்கள். அந்தக் கண்ணில் ஒரு இழை நகர்ந்தால் விலங்கின் முகபாவமே மாறிவிடும். கையில் வரும்வரை தீர்ப்புச் சொல்லவேண்டாம்.

நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அய்யனார் குதிரை செய்யும்போது கால்களை முதலில் செய்து காயவிட்டு, அவை எடை தாங்கும் என்று தெரிந்த பிறகே மேலே உடலை ஏற்றுவோம். குதிரைக்கு நான்கு கால். இதற்கு இரண்டு, வாலும் தரையைத் தொடவில்லை. இவ்வளவு கனத்த உடலை அப்படி நிறுத்துவதற்கு வாலின் எடையை எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

பழையபெட்டி (லண்டன்) – 16 டிசம்பர் 2016

யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே நாற்பது ஆண்டுகளாக இருக்கிறேன். உங்களுக்குள் மூத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

என் முதல் டி-ரெக்ஸ் இன்விக்டா நிறுவனத்துடையது. 1974 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவுக்காக அவர்கள் வெளியிட்ட வரிசை, 1:45 அளவுவிகிதம். மாஸ்டர்மைண்ட் விளையாட்டைச் செய்த அதே லெஸ்டர் நிறுவனம். ஒவ்வொன்றும் ஒரே நிறத்தில், வண்ணப்பூச்சு எதுவும் இல்லாமல் இருக்கும். டி-ரெக்ஸ் நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் ஊன்றியிருக்கும். அன்றைக்கு அதுதான் ஒப்புக்கொள்ளப்பட்ட நிலை. இன்று எந்தப் பிள்ளையும் அது தவறு என்று சொல்லும்.

பிறகு கார்னெகி வரிசை வந்தது. பிட்ஸ்பர்க் கார்னெகி அருங்காட்சியகத்தின் மேற்பார்வையில் இதே சஃபாரி 1988 முதல் 2015 வரை நடத்தியது. வடித்தவர் ஃபாரஸ்ட் ரோஜர்ஸ். சென்ற ஆண்டு அதை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தேழு ஆண்டுகளாக ஒவ்வொரு பருவத்திலும் அவர்களுடைய புதிய அறிவிப்புக்காகக் காத்திருந்தவன். இனி இந்த நிறுவனத்திடமிருந்து அந்தத் தரத்தில் எதுவும் வராது என்று பயந்தேன். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு பயம் போய்விட்டது. இறகு சரியா தவறா என்பதை ஆராய்பவர்கள் சொல்லட்டும், தம்பிமாரே. செய்தவர் விலங்கை மதித்திருக்கிறார்.

கடலோரம் (சிங்கப்பூர்) – 19 மார்ச் 2017

வந்துவிட்டது! பெட்டி இல்லை, கழுத்தில் ஒரு சீட்டு மட்டும். கண்ணாடி மேசைமேல் வைத்தேன். கையை எடுத்த பிறகும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நிற்கிறது. மேசையை மெல்லத் தட்டினேன். வால் நுனி மட்டும் ஆடி அடங்கியது.

களிமண் அண்ணா சொன்னது சரி. இறகு கீறலாகத்தான் இருக்கிறது. ஆனால் நகத்தால் கழுத்திலிருந்து முதுகுவரை வருடினால் வழுக்கிக்கொண்டு போகிறது, எதிர்த்திசையில் வருடினால் நகம் தட்டுகிறது. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு கீற்றும் நிழல் கொடுக்கிறது. படத்தில் இது தெரியவில்லை. வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆலமரத்தடி – 20 மார்ச் 2017

எனக்கு இன்னும் வரவில்லை. நண்பர் ஒருவர் மே மாதம் அமெரிக்காவிலிருந்து வருகிறார், அவருடைய பெட்டியில் இடம் கேட்டிருக்கிறேன். தட்டிப் பார்த்ததை எழுதியதற்கு நன்றி, கடலோரம். இரண்டுமுறை படித்தேன்.

செதில் – 9 ஜூன் 2017

இந்த இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். தெரியாமல் விட்டுவிடக்கூடிய செய்தி அல்ல.

ஃபில் பெல்லும் அவருடைய குழுவும் இந்த வாரம் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'வைரெக்ஸ்' என்ற டி-ரெக்ஸின் தோல் பதிவுகள். கழுத்து, இடுப்பு, வால் ஆகிய இடங்களிலிருந்து. எல்லாவற்றிலும் மிகச் சிறிய செதில்கள். ஆல்பர்டோசாரஸ், கோர்கோசாரஸ், டார்போசாரஸ் போன்ற உறவுக்காரர்களின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், அவற்றிலும் செதில்தான். உடல் பெருத்தபோது இந்தக் குடும்பம் இறகை இழந்திருக்கலாம் என்கிறார்கள். யானை வாதம்.

ஆலமரத்தடி, உங்களுக்கு அந்த உருவம் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். போன மாதம்தான் கைக்கு வந்தது என்று எழுதியிருந்தீர்கள். இதை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. உங்களைப்போல நிதானமாக வாதாடுபவரிடம் உண்மையை மறைப்பது மரியாதையாகாது என்று தோன்றியது.

ஆலமரத்தடி – 11 ஜூன் 2017

கட்டுரையை இரண்டு நாளாகப் படித்தேன். வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

கிடைத்திருக்கும் தோல் துண்டுகள் சிறியவை. முதுகில் இறகு இருந்திருக்கலாம் என்ற இடத்தை ஆய்வாளர்களே திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கமாட்டேன். இந்த உருவத்தில் இடுப்பிலும் வாலடியிலும் இறகு இருக்கிறது. அந்த இடங்களில் செதில் இருந்ததற்குக் கல்லில் பதிந்த சான்று வந்துவிட்டது. நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி, செதில். டிசம்பரில் நான் "இரண்டு பக்கமும் ஊகம்தான்" என்று எழுதினேன். ஒரு பக்கத்துக்குத் தோல் பதிவுகள் வந்துவிட்டன. என் வாதம் தோற்றது.

நேற்று மாலை அதை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். விற்றுவிடலாமா என்ற எண்ணம் ஒரு நிமிடம் வந்தது. இடதுகால் விரல்களின் மேல் செதில்களைத் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறார், கோழிக்காலில் இருப்பதுபோலக் குறுக்குத் தகடுகளாக. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

பழையபெட்டி – 11 ஜூன் 2017

வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. என் இன்விக்டா இன்னும் வாலை ஊன்றிக்கொண்டு முன்வரிசையில்தான் நிற்கிறது.

நெல்லி – 12 ஜூன் 2017

மகளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குட்டியாக இருந்தபோது இறகு இருந்திருக்கும், பெரிதானதும் கொட்டியிருக்கும்" என்றாள். சமாதானமாகிவிட்டாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உப்பளம் (தூத்துக்குடி) – 14 மே 2018

புதியவன். வேறு எங்கே கேட்பது என்று தெரியவில்லை, இரண்டு கால் உருவங்களைப் பற்றிப் பேசும் இழை என்பதால் இங்கே கேட்கிறேன். என்னிடம் இருப்பது சஃபாரி உருவம் அல்ல. வேறொரு நிறுவனத்துடையது, பெயர் வேண்டாம். அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து மெல்ல முன்னால் சாய்ந்து, நேற்று மதியம் முகம் குப்புற விழுந்துவிட்டது. மூன்று மாதச் சேமிப்பில் வாங்கியது. கணுக்கால் மெழுகுபோல வளைந்திருக்கிறது. சரிசெய்ய வழி உண்டா?

களிமண் – 14 மே 2018

உண்டு, தம்பி. பயப்படவேண்டாம். இந்த உருவங்களின் பி.வி.சி. பிளாஸ்டிக் சூட்டில் இளகும், குளிரில் இறுகும்.

நன்றாகக் கொதித்து இறக்கிய தண்ணீரை ஒரு ஆழமான பாத்திரத்தில் ஊற்றுங்கள். உருவத்தைத் தலைகீழாக இல்லாமல், கால்கள் மட்டும் மூழ்கும்படி இடுக்கியால் பிடித்து ஒன்றிரண்டு நிமிடம் வையுங்கள். அடுப்பில் நேரடியாக வைக்கவே கூடாது. எடுத்துக் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தால் ரப்பர்போல இருக்கும். அப்போது நேராக நிமிர்த்தினால் போதாது. எதிர்ப்பக்கம் ஒரு நூல் அதிகமாக வளையுங்கள், ஏனென்றால் இறுகும்போது கொஞ்சம் பழைய இடத்துக்குத் திரும்பும். பிடித்த பிடியை விடாமல் ஐஸ் போட்ட தண்ணீரில் இறக்குங்கள். இரண்டு நிமிடம். அவ்வளவுதான்.

பிறகு அலமாரியை மேற்குச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். நம் ஊரில் மாலை மூன்று மணிக்கு அந்தச் சுவர் அனலாகக் கொதிக்கும்.

உப்பளம் – 15 மே 2018

நிற்கிறது! அம்மாவின் இட்லிப் பாத்திரத்தில் செய்தேன், ஐஸ் பக்கத்து டீக்கடையில் வாங்கினேன். மூன்றாவது முறை சரியாக வந்தது. மிக்க நன்றி, அண்ணா. அலமாரியை வடக்குச் சுவருக்கு மாற்றிவிட்டேன்.

நெல்லி – 2 ஏப்ரல் 2019

நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டி-ரெக்ஸ் கண்காட்சி போன மாதம் திறந்திருக்கிறார்கள். மகளை அழைத்துப்போனேன். உள்ளே முட்டையிலிருந்து வந்த குட்டி டி-ரெக்ஸின் உருவம், உடல் முழுக்கக் குஞ்சுக்கோழிபோல மென்மையான தூவி. அவள் என் கையை விட்டுவிட்டு ஓடிப்போய் அதன்முன் நின்றாள். திரும்பிப் பார்த்து, "நான் அப்போதே சொன்னேன் இல்லையா?" என்றாள்.

குட்டிக்கும் தோல் பதிவு கிடைக்கவில்லை, ஊகம்தான் என்று செதில் அவர்கள் சொல்வார்கள் என்று தெரியும். அவளிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

செதில் – 2 ஏப்ரல் 2019

உங்கள் மகளிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள், சகோதரி. ஊகத்தை ஊகம் என்று தெரிந்துகொண்டு விரும்புவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஆலமரத்தடி – 5 பிப்ரவரி 2020

இந்தியாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு: இந்த ஆண்டு பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்த்திவிட்டார்கள். உள்நாட்டுத் தொழிலுக்கு நல்லது என்பது புரிகிறது. ஆனால் நமக்கு வேண்டிய உருவங்களை இங்கே யாரும் செய்வதில்லை. அறிவிப்புப் படத்தைப் பார்த்து ஆசைப்படுவதோடு நிறுத்திக்கொள்ளும் காலம் வருகிறது.

உப்பளம் – 3 ஜனவரி 2021

அண்ணா, இப்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமாகிவிட்டது, ஜனவரி ஒன்றிலிருந்து. சிறு கடைக்காரர் ஒருவர் வெளிநாட்டு உருவங்களைக் கொண்டுவந்து கொடுப்பார். இனி முடியாது என்று கையை விரித்துவிட்டார். கல்லூரியில் படிக்கிறேன், என் கணக்குக்கு ஆண்டுக்கு ஒன்று என்பதே கனவுபோல ஆகிவிட்டது. இருப்பதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கடலோரம் – 2 ஏப்ரல் 2023

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். கடந்த வாரம் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரையின்படி டி-ரெக்ஸுக்கு உதடு இருந்திருக்க வேண்டும், வாய் மூடினால் பல் வெளியே தெரிந்திருக்காது. அதாவது முதலையைப்போல அல்ல, உடும்பைப்போல. இனி அறிவிப்புப் படம் வந்ததும் மணிக்கட்டோடு வாயையும் பார்க்கவேண்டும். புதிதாக வரும் உருவங்களில் பல்லை மறைக்கும் போக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. சீன நிறுவனங்கள் இதில் வேகமாக இருக்கின்றன. விலையும் நியாயம், 1:35 அளவுவிகிதத்தையும் கட்டிக்காக்கிறார்கள்.

செதில் – 3 ஏப்ரல் 2023

உதட்டை நான் ஏற்கிறேன். பல்லின் எனாமல் தேய்மானத்தை வைத்துக் காட்டியிருக்கிறார்கள், அது நேரடியாக அளந்து பார்க்கக்கூடியது. உதடு மூடிய டி-ரெக்ஸ்தான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. உடும்பு வாயைத் திறக்காமல் நம்மைப் பார்க்கும்போது வருகிற பயம்.

சுண்ணாம்புக்கல் (அரியலூர்) – 20 ஆகஸ்ட் 2023

இந்த இழையை முதலிலிருந்து இன்றுதான் படித்து முடித்தேன். என் ஊரைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அரியலூர் மாவட்டம் கல்லமேடு. எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டும் பள்ளங்களில் சுருள் சுருளான அம்மோனைட் கற்களை (பழங்கடல் உயிரியின் புதைபடிவங்களை) பொறுக்கி விளையாடி வளர்ந்தவன் நான். 1987-ஆம் ஆண்டுக்கான ஒரு வெளியீட்டில் யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். 'பேருடல்' என்று பொருள். முதலில் அதை ஊனுண்ணி என்று எழுதினார்கள், அதாவது இந்த இழையின் நாயகனுக்குத் தூரத்து உறவு. பின்னர் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று தெளிந்தது. கீழ்க்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். இன்னொரு பெருவிலங்கான அர்ஜென்டினோசாரஸுடையது 1.55 மீட்டர்.

இந்த ஆண்டு கிரெகரி பாலும் அசியர் லாரமெண்டியும் எழுதிய கட்டுரையில் அதன் எடை 110 டன்னுக்கும் மேல் இருந்திருக்கலாம் என்கிறார்கள். நீலத்திமிங்கலத்தோடு ஒப்பிடுகிறார்கள். லாரமெண்டிதான் இயோஃபவுனா என்ற ஸ்பெயின் நிறுவனத்தை உருவாக்கியவர். ஆம், உங்கள் அலமாரிகளில் ஜிகனோடோசாரஸாகவும் மாமத்தாகவும் நிற்பவை அவர்களுடையவை! எங்கள் ஊர் விலங்கை எடை போட்டவரும் உருவம் செய்பவரும் ஒருவரே. ஒருநாள் அறிவிப்புப் பட்டியலில் அந்தப் பெயர் வராதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

ஆலமரத்தடி – 20 ஆகஸ்ட் 2023

சுண்ணாம்புக்கல், உடம்பு சிலிர்த்துவிட்டது. ராஜசாரஸை கலெக்ட்-ஏ நிறுவனம் ஏற்கெனவே செய்திருக்கிறது, நர்மதைக்கரை விலங்கு. ஆனால் மதுரையிலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரின் விலங்கு என்றால் அது வேறு.

செதில் வருவதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்: அந்த எலும்புகள் இன்று இல்லை. பொடிந்துபோய்விட்டன. கோட்டோவியங்களும் சில புகைப்படங்களும்தான் மிச்சம்.

செதில் – 21 ஆகஸ்ட் 2023

ஆம். 2016-இல் நான் கேட்டது போலவே இப்போதும் கேட்கவேண்டும்: சான்று எங்கே? கழுத்து எவ்வளவு நீளம், தலை எப்படி, வால் எப்படி, எதுவும் தெரியாது. இடுப்பெலும்பு, தொடையெலும்பின் பகுதி, கீழ்க்கால், முன்கையெலும்பு, ஒரு வால் முள்ளெலும்பு. மீதி முழுவதும் உறவுக்கார விலங்குகளிடமிருந்து கடன் வாங்கவேண்டும். இறகு போர்த்திய டி-ரெக்ஸுக்கு இருந்த அடித்தளத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை.

அப்படியும், அறிவித்தால் முதல் நாளே வாங்குவேன். இதை எழுதும்போதே எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆலமரத்தடி, 2016-இல் நீங்கள் எந்த மனநிலையில் அந்தப் படத்தை ஒரு மணி நேரம் பார்த்தீர்கள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் விளங்குகிறது.

உப்பளம் – 21 ஆகஸ்ட் 2023

1:40-இல் செய்தால்கூட ஒரு மீட்டருக்குப் பக்கமாக வருமே! வேலைக்குப் போகிறேன், பணம் சேர்த்துவிடுவேன். வைக்க இடம்தான் இல்லை. கட்டிலுக்கு அடியில் வைக்க மனம் வராது.

களிமண் – 27 ஆகஸ்ட் 2023

முழு விலங்கைச் செய்ய எனக்குத் துணிவு இல்லை. செதில் சொன்னதுதான் காரணம். தெரிந்ததை மட்டும் செய்தேன்.

இரண்டு மீட்டர் எலும்பு 1:40-இல் ஐந்து சென்டிமீட்டர். அச்சிட்ட கோட்டோவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வில்லியனூர் மண்ணில் பிடித்தேன். முட்டிப் பக்கம் விரிந்து, நடுவில் ஒடுங்கி, மறுபடி விரியும். நடுவில் இருந்த விரிசல்களையும் ஊசியால் கீறினேன், ஏனென்றால் ஓவியத்தில் அவை இருக்கின்றன. நிழலில் நான்கு நாள் காயவைத்து நேற்றுச் சூளையில் மற்றவற்றோடு வைத்துச் சுட்டேன். செம்மண் நிறத்தில் வந்திருக்கிறது.

ஆறு செய்திருக்கிறேன். இரண்டை அரியலூருக்கு அனுப்புகிறேன், சுண்ணாம்புக்கல் தம்பி முகவரியைத் தனிச்செய்தியில் கொடுக்கவும். ஒன்று நெல்லியின் மகளுக்கு. ஒன்று என் அலமாரியில் இறகு போர்த்திய டி-ரெக்ஸின் இடதுகாலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மீதி இரண்டும் செதிலுக்கும் ஆலமரத்தடிக்கும்.